தண்ணீரில் கனக்காத மூட்டை

மார்ச் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. வகுப்பறைத் தகரக் கூரையில் அடித்த அடியில் நான் பேசியது எனக்கே கேட்கவில்லை. பாடம் முடிந்ததும் வழக்கம்போல "புரிஞ்சுதா?" என்றேன். அத்தனை பேரும் புருவத்தைத் தூக்கினார்கள். ஆமாம் என்று சொல்ல இந்தத் தீவில் எவனுக்கும் வாய் வேண்டாம், புருவம் போதும். காதிலேயே விழாத பாடம் எப்படியடா புரிந்தது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்திவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

கடல் கடந்து சுவா நகரத்தில் மூன்று வாரம் வாத்தியார் பயிற்சி முடித்து வந்ததிலிருந்து எனக்கு இந்தப் புருவத்தைக் கண்டாலே ஆகவில்லை. வாத்தியார் வாயைக் குறைத்தால்தான் மாணவன் மண்டை வேலை செய்யும் என்று அங்கே சொன்னார்கள். இருபது வருஷம் வெளிநாட்டுக் கப்பல்களில் வேலை பார்த்தவன் நான். அங்கே எனக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? நானேதான் முட்டி மோதிக் கற்றுக்கொண்டேன். அதனால் அவர்கள் சொன்னது எனக்கு உடனே பிடித்துவிட்டது.

மதியம் கேப்டன் நகிபேயிடம் போய்ச் சொன்னேன். இந்தக் கடல் பள்ளிக்கு அவர்தான் எல்லாம். அவர் முறை வேறு: அவர் ஒரு வரி கத்துவார், பையன்கள் திருப்பிக் கத்த வேண்டும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும்.

"தபோகாய், பசங்களா பாத்துக் கத்துக்கிட்டா உனக்கு எதுக்குச் சம்பளம்?" என்று சிரித்தார். பிறகு, "சரி, இந்த ஒரு வகுப்புக்கு மட்டும் செஞ்சு பாரு. ஆகஸ்ட் பரீட்சைல எவனாச்சும் கோட்டை விட்டான், மறுபடி என் வழிதான்" என்றார்.

தோற்றால் எனக்குத் தலைக்குனிவு, அது போகட்டும். இந்தப் பையன்கள் ஒவ்வொருவன் பின்னாலும் ஒரு வீடே காத்துக் கிடக்கிறது. தேறினால்தான் கப்பல். கப்பல் இல்லாவிட்டால் வீட்டில் அரிசி இல்லை.

ரொதியாவிடம் பெருமையாகச் சொன்னேன். மீன் சுத்தம் செய்துகொண்டே, "அவ்ளோ தூரம் போயி பேசாம இருக்கிறதக் கத்துக்கிட்டு வந்தீங்களா? அத வீட்டுலயும் கொஞ்சம் செய்யலாமே" என்றாள். கட்டிய பெண்டாட்டிக்கு என்மேல் இருக்கும் மரியாதை இவ்வளவுதான்.

மார்ச் 5, புதன்

இன்றும் எவனும் வாயைத் திறக்கவில்லை. புருவம், புருவம், புருவம்.

மார்ச் 17, திங்கள்

சாயங்காலம் குடையை மறந்துவிட்டேன் என்று பள்ளிக்குத் திரும்பினேன். வழியில் ஊர்க்கூடத்தில் ஒரே சிரிப்புச் சத்தம். ஓலைக்கூரை தாழ்வு, வெளியில் நின்றால் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஈரப்பலா மரத்துக்குப் பின்னால் திருடன் மாதிரி நின்று பார்த்தேன்.

கைதாரா பாடம் நடத்திக்கொண்டிருக்கிறான்! என் மாணவன் கைதாரா. தேங்காய்களைப் பொம்மைப் படகில் அடுக்கி, பாரம் மேலே ஏறினால் கப்பல் ஏன் கவிழும் என்று காட்டுகிறான். நடுவில் என்னைப்போல மூக்கை உறிஞ்சி, "புரிஞ்சுதா?" என்று கண்ணை உருட்ட, அத்தனை பேரும் தாழம்பாயில் உருண்டு சிரிக்கிறார்கள். நான் மூக்கை உறிஞ்சுகிறேனா?

சிரிப்புகூடப் பரவாயில்லை. தியோன் — வகுப்பிலேயே சின்னவன், என்னிடம் ஒரு நாளும் ஒரு சொல் பேசாதவன் — கைதாராவிடம் கேள்விமேல் கேள்வி கேட்கிறான். "அப்ப மீன் மூட்டையை எங்க வைக்கிறது? மழைத் தண்ணி உள்ள வந்தா?" எல்லாம் நல்ல கேள்விகள். எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன்.

வீட்டுக்கு வந்து ரொதியாவிடம் புலம்பினேன். அவள் சொன்னாள்: "உங்ககிட்ட கேட்டா, நீங்க ஒழுங்கா சொல்லித் தரலன்னு உங்க மூஞ்சிக்கு நேரா சொல்ற மாதிரி ஆயிடாதா? எந்த வீட்டுப் புள்ளை அப்படிச் செய்யும்? நீங்க உங்க வாத்தியார்கிட்ட கேட்டீங்களா?"

இல்லை. ஒரு நாளும் கேட்டதில்லை.

மார்ச் 28, வெள்ளி

முடிவு செய்துவிட்டேன். கைதாராவைக் கூப்பிட்டு, சாயங்காலம் நடத்துவதை இனி வகுப்பு நேரத்திலேயே நடத்தச் சொன்னேன். புத்தகங்களைக் கொடுத்தேன். பயல் நெளிந்தான்.

"நான் எதுக்கு சார்? அதெல்லாம் சும்மா விளையாட்டுக்கு."

"விளையாட்டாவே நடத்து. நீங்களே படிங்க, நீங்களே கண்டுபிடிங்க. நான் கடைசி வரிசைல உக்காந்துக்கிறேன்."

உட்கார்ந்தேன். அடுத்த நிமிஷம் எல்லாரும் ஊமை. கைதாராவுக்கே நாக்கு ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வெளியே எழுந்து போனேன். முற்றத்தைத் தாண்டுவதற்குள் பின்னால் பேச்சு கிளம்பிவிட்டது. இனி அப்படித்தான், ஆரம்பித்து வைத்துவிட்டு நான் வெளியே போய்விட வேண்டும். சந்தோஷமாக இருக்கிறது. கொஞ்சம் வெறுமையாகவும் இருக்கிறது.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்று மூடிய அறைகளைப் பற்றிய பாடம். இதை மட்டும் யாருக்கும் விடமாட்டார் கேப்டன், அவரே வந்து நடத்தினார். நாள் கணக்கில் மூடிக் கிடந்த தொட்டி, சங்கிலி அறை, கொப்பரை அடைத்த சரக்கறை — உள்ளே காற்று செத்துப்போயிருக்கும், வாடை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. உள்ளே ஒருவன் விழுந்தால் என்ன செய்வது?

"உள்ளே போகாதே! ஆளைக் கூப்பிடு! காற்றைக் கொண்டு வா!"

முப்பது வருஷமாக இதே மூன்று வரி. பையன்கள் திருப்பிக் கத்தியதில் கூரை அதிர்ந்தது. கைதாராவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே. கேப்டன் என்னைப் பார்த்து, எப்படி என்பதுபோல மீசையைத் தடவிக்கொண்டார்.

அவர் போன பிறகு, மிச்சத்தை நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று கிளம்பினேன். கைதாரா கதவு வரை வந்தான்.

"சார்…"

"என்னடா?"

ஒரு கணம் நின்றான். "ஒண்ணுமில்ல சார்" என்று புருவத்தைத் தூக்கிவிட்டு உள்ளே போனான்.

ஏப்ரல் 12, சனி

காயல் பக்கம் தூண்டில் போடப் போனேன், ஒன்றும் படவில்லை. பழைய படகுத்துறையில் எங்கள் பையன்கள் எல்லாரும் இருந்தார்கள். என்ன கூத்து என்று பார்த்தால், முழு உடுப்பு, காலில் பூட்ஸ், அப்படியே தம் கட்டிக்கொண்டு முங்குகிறார்கள். அடியில் ஒரு மணல் மூட்டை. அதைத் தூக்கித் துறையின் ஏணிக்கால் வரை கொண்டுவர வேண்டுமாம். கரையில் நின்று பெரெதி சத்தம்போட்டு எண்ணுகிறான். கைதாராவும் பெரெதியும் அக்கா தங்கை பிள்ளைகள், எங்கே பார்த்தாலும் ஒட்டிக்கொண்டே திரிவார்கள்.

கைதாரா மேலே வரவே இல்லை. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் மூட்டையோடு எழுந்தான், மூச்சுகூட வாங்கவில்லை, சிரிக்கிறான். மீன் குஞ்சுகள். நடக்கப் பழகும் முன்னே முங்கப் பழகியவர்கள்.

கைதட்டினேன். "பூட்ஸ் வீணாப் போனா கேப்டன் தோலை உரிச்சிடுவாரு" என்றேன். "சும்மா விளையாட்டு சார்!" என்று எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

ஏப்ரல் 30, புதன்

அரையாண்டுத் தேர்வு. எல்லாரும் தேறிவிட்டார்கள். தியோன்கூட! கேப்டன் விடைத்தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒரு குற்றமும் கிடைக்கவில்லை. "அதிர்ஷ்டம்" என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் விசிலடித்துக்கொண்டு வந்தேன். ரொதியா, "யாரு செத்தாங்க, இவ்ளோ சந்தோஷம்?" என்று கேட்டாள்.

மே 20, செவ்வாய்

வெளித்தீவுகளுக்குப் போன சரக்குக் கப்பல் வந்துவிட்டது. சரக்கறை நிறையக் கொப்பரை. வழியெல்லாம் மழை என்று மூடியைத் திறக்கவே இல்லையாம். துறைமுகத்தில் இறங்கும்போதே அந்த வாடை. எங்கள் எல்லார் வீட்டு வாடையும் அதுதான். செய்முறைப் பயிற்சிக்கு நாளை மறுநாள் வகுப்பைக் கூட்டிப்போக அனுமதி வாங்கியிருக்கிறேன். தியோனுக்கு இன்றே தூக்கம் வராது. புதுத் தலைக்கவசத்தை இன்னும் கழற்றவில்லை அவன்.

மே 22, வியாழன்

கைதாரா. தியோன்.

மே 25, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தலைக்குள் அதுவே திரும்பத் திரும்ப ஓடுகிறது.

நான் பாதி வகுப்போடு பின்பக்கம் உயிர்ப்படகைக் காட்டிக்கொண்டிருந்தேன். மீதிப் பேரைக் கைதாராவிடம் விட்டிருந்தேன் — எப்போதும்போல. சரக்கறை மூடியின் ஒரு மூலையைக் கப்பல்காரர்கள் அப்போதுதான் தூக்கி வைத்திருந்தார்கள், காற்றாடட்டும் என்று. அங்கே யாரும் இறங்கக்கூடாது என்று சொல்லியும் இருக்கிறார்கள். தியோன் குனிந்து எட்டிப் பார்த்திருக்கிறான். தலைக்கவசம் நழுவி உள்ளே விழுந்துவிட்டது. கேப்டன் திட்டுவார் என்ற பயம். ஏணி பக்கத்திலேயே. இறங்கி எடுத்துவிட்டு ஏறிவிடலாம் என்று நினைத்திருப்பான். பாவிப்பயல்! ஒரு தலைக்கவசம்!

சத்தம் கேட்டு ஓடினேன். நான் போய்ச் சேரும்போது கைதாராவும் உள்ளே.

மூடியின் வாயில் நின்று பார்த்தேன். வெயில் நேராக உள்ளே விழுந்தது. கொப்பரை மூட்டைகளுக்கு நடுவே, ஏணிக்கால் பக்கத்தில் கைதாரா மல்லாந்து கிடந்தான். தியோனை இழுத்துக்கொண்டு ஏணி வரை வந்திருக்கிறான். தியோனின் கை அவன் தோள்மேல் கிடந்தது. பெரெதி ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டான், கன்னம் உப்பியிருந்தது, தம் கட்டியிருந்தான். சட்டையைப் பிடித்து இழுத்தேன். திமிறினான். அவனைக் கப்பல் தளத்தில் தள்ளி அவன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"விடுங்க சார்! எங்க அண்ணன் சார்! இதோ இருக்கான் பாருங்க, கைக்கெட்டுற தூரத்துல இருக்கான்!"

விடவில்லை. நானும் இறங்கவில்லை. கப்பலில் இருந்த மூச்சுக்கருவியின் சிலிண்டரில் காற்று இல்லை. பள்ளியிலிருந்து லாரியில் கொண்டுவர வேண்டியிருந்தது. பெரெதியைக் கப்பல்காரர்கள் பிடித்துக்கொள்ள, அதுவரை மூடியின் வாயிலேயே நின்றேன். துறைமுகத்தில் இருந்தவர்கள் எல்லாரும் ஏறி வந்துவிட்டார்கள். "இறங்குடா, ஆம்பளையா நீ?" என்று ஒரு கிழவர் கத்தினார். ஒருவரையும் இறங்க விடவில்லை. இறங்கியிருந்தால் அவர்களும் செத்திருப்பார்கள். எனக்கு அது தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

லாரி வந்தது. எல்லாம் முடிந்திருந்தது.

மே 31, சனி

இரண்டு பேரையும் அவரவர் வீட்டை ஒட்டியே புதைத்துவிட்டார்கள். தியோன் வீட்டில் என்னை உள்ளே விடவில்லை. அவன் தகப்பன் வாசலில் குறுக்கே நின்றான். திரும்பிவிட்டேன்.

கைதாராவின் அம்மா கினாய் அக்கா வீட்டில் பாய் விரித்தார்கள். அது இன்னும் கொடுமை. சோறும் மீனும் வைத்தாள். கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் என்னைப் பார்க்காமல் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். "நின்னவரு வந்திருக்காரு" என்று ஒரு குரல். ஊரில் இப்போது என் பெயர் அதுதான்.

கினாய் அக்கா எதிரில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே இருந்தாள். நான் ஒரு வாய் வைத்த பிறகு கேட்டாள்: "மேலேருந்து பாத்தீங்களே தம்பி. எம்புள்ளை கண்ணு தெறந்திருந்துச்சா?"

"மூடியிருந்துச்சுக்கா. தூங்குற மாதிரி இருந்தான்."

திறந்துதான் இருந்தது.

ஜூன் 3, செவ்வாய்

பள்ளிக்குப் போகிறேன், வருகிறேன். கேப்டன் பாடம் எடுக்கிறார். பையன்கள் கத்துகிறார்கள். பெரெதி வருவதில்லை.

ஏன் இறங்கினான் கைதாரா? அந்த மூன்று வரியை அவனைவிடச் சத்தமாகக் கத்தியவன் யார்? பாடம் தெரியாதவனா அவன்? எல்லாருக்கும் பாடம் சொன்னவனடா நீ!

ஜூன் 10, செவ்வாய்

பொழுது சாயும் நேரம் தகரக் கூரையில் தடதடவென்று கல் விழுந்தது. பெரெதி. நல்ல போதை. வேலிக்கு வெளியே நின்று, "நின்னவரே! வெளிய வாங்க! இங்கயும் வாசல்லயே நில்லுங்க!" என்று கத்துகிறான். அக்கம்பக்கமெல்லாம் வேடிக்கை பார்க்கிறது. நான் எழுந்தேன். ரொதியா என்னை உட்கார வைத்துவிட்டுத் தானே போனாள். காதைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள், தலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள், தேநீர் வைத்துக் கையில் கொடுத்தாள்.

"இப்பப் பேசுடா. கல்லு எதுக்கு? வாய் இருக்குல்ல" என்றாள்.

நடுங்கிக்கொண்டே பேசினான். அந்தப் பாடம் நடந்த அன்று, நான் வெளியே போன பிறகு, தியோன் கேட்டானாம்: "உள்ள போகாதேன்னா, கீழ கெடக்குறது நம்ம ஆளா இருந்தா?" எல்லாரும் அதையே பேசியிருக்கிறார்கள். கூடப்பிறந்தவன் கீழே கிடக்க மேலே நிற்பதா? அது நடக்கிற காரியமா?

"கைதாராதான் சொன்னான், சார்கிட்டயே கேட்டுடலாம்னு. நாங்க விடல சார். கேப்டன் சொன்னதையே கேள்வி கேக்குற மாதிரி ஆயிடும், சார் மனசு கஷ்டப்படும்னு புடிச்சு வெச்சோம். அப்பவும் எழுந்து வந்தான். கதவுகிட்ட வந்து உங்ககிட்ட ஏதோ சொல்லப் பாத்தான்…"

"ஒண்ணுமில்ல சார்" என்று அவன் புருவத்தைத் தூக்கியது கண்முன் வந்தது.

"அப்புறம் நாங்களே யோசிச்சோம். காத்துதானே இல்ல? காத்து இல்லாத எடம் நமக்குப் புதுசா? தம் கட்டி எறங்குவோம், தூக்குவோம், ஏறுவோம். தெனமும் பழகுனோம். நீங்ககூடப் பாத்துக் கை தட்டுனீங்க." தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். "நீங்களே சொன்னீங்களே சார், நீங்களே கண்டுபிடிங்கன்னு. கண்டுபிடிச்சோம்."

ரொதியா அழுதுவிட்டாள். நான் அழவில்லை. அழ எனக்கு என்ன யோக்கியதை?

ஜூன் 11, புதன்

விடிந்ததும் பழைய படகுத்துறைக்குப் போனேன். அந்த மூட்டை அங்கேயே அடியில் கிடந்தது. முங்கினேன். இந்த வயதிலும் கஷ்டமில்லை, தூக்கினால் பூப்போல வருகிறது. ஏணிக்கால் வரை கொண்டுவந்தேன். தலை வெளியே வந்ததும் மூச்சை விடாமல், தம் கட்டியபடியே, மூட்டையைத் தோளில் போட்டு ஏணியில் ஏறப் பார்த்தேன்.

தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் பிணம்போலக் கனத்தது. இரண்டாவது படிக்கு மேல் காலைத் தூக்க முடியவில்லை. மூச்சு என்னைக் கேட்காமல் தானாகப் பிய்த்துக்கொண்டு வந்தது. வாயைத் திறந்து ஆவென்று இழுத்தேன். இழுக்க இங்கே காற்று இருந்தது.

அவனுக்கு இல்லை. தியோனை ஏணி வரை இழுத்து வந்திருக்கிறான். தோளில் தூக்கும்போதுதான் ஒரு மூச்சு இழுத்திருப்பான். அந்த ஒரு மூச்சு போதும்.

தண்ணீரில் மூட்டை கனக்காது. இந்த ஒரு வரியை நான் சொல்லியிருப்பேனே! ஏப்ரல் எட்டாம் தேதி, கதவு பக்கத்தில், "என்னடா" என்று கேட்டுவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் சொல்லியிருப்பேனே. படகுத்துறையில் கைதட்டாமல், எதுக்குடா இது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே. அவர்களுக்குத்தான் என்னிடம் கேட்க வெட்கம். எனக்கு என்ன கேடு? நானும் அவர்களை எதுவும் கேட்கவில்லையே.

மூட்டையைச் சுமந்து வந்து வகுப்பறைக்குப் பின்னால் போட்டேன். எதற்கு என்று தெரியவில்லை. கடலில் கிடக்க வேண்டாம் என்று தோன்றியது.

ஜூலை 12, சனி

சுதந்திர தினம். எல்லாரும் அணிவகுப்பு பார்க்கப் போயிருக்கிறார்கள். நான் போகவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

இறுதிப் பரீட்சை முடிவு வந்துவிட்டது. எழுதிய எல்லாரும் தேர்ச்சி. ஒருவனும் கோட்டை விடவில்லை. என் முறை ஜெயித்துவிட்டதாம். துறைமுக அலுவலகத்தில் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பெரெதி பரீட்சை எழுதவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

வேலையை விடுகிறேன் என்று சொல்லத்தான் கேப்டனிடம் போனேன். விசாரணைக்காரர்கள் பொறுப்பையெல்லாம் கப்பலின் காலி சிலிண்டர் தலையில் கட்டிவிட்டார்கள். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

கேப்டன் மேசையில் எதுவும் இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தார். இளைத்துவிட்டார். நான் ஆரம்பிப்பதற்குள் அவரே பேசினார்.

"முப்பது வருஷமா கத்த வெச்சேன் தபோகாய். கைதாராவும் கத்துனான். நல்லாக் கத்துனான்ல?"

"ஆமா கேப்டன்."

"உன் வழியிலயும் படிச்சான். அதையும் நல்லாத்தான் படிச்சான்."

வெளியே யாரோ தென்னையில் ஏறி, கள் இறக்கும்போது பாடுகிற பாட்டைப் பாடிக்கொண்டிருந்தான்.

"அடுத்த வகுப்புக்கு அந்தப் பாடத்த நீ எடு" என்றார். "என்னால இனிமே அந்த மூணு வரியச் சொல்ல முடியாது. எப்படி எடுப்பியோ, எனக்குத் தெரியாது. எங்கிட்ட கேக்காத."

வேலையை விடுகிறேன் என்று சொல்லாமலே வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தேவாலயத்தில் கினாய் அக்காவைப் பார்த்தேன். கும்பிட்டேன். தலையசைத்தாள். பக்கத்தில் பெரெதி, தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். என்னைப் பார்க்கவில்லை.

ரொதியா வழியில் சொன்னாள்: "அவன மறுபடி பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் போறாளாம் பெரியம்மாக்காரி. எங்கிட்ட கேட்டா, அந்த வாத்தியார்கிட்டயே அனுப்பலாமான்னு."

"நீ என்ன சொன்ன?"

"இவரு ஒருத்தன்மேல உக்காந்தாருன்னா எழுந்திருக்க மாட்டாரு, தைரியமா அனுப்புக்கான்னேன்."

இந்த மூன்று மாதத்தில் முதல் முறையாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். சிரித்ததும் அசிங்கமாக இருந்தது.

செப்டம்பர் 2, செவ்வாய்

புது வகுப்பு. புது முகங்கள். கடைசி வரிசையில் பெரெதி.

அந்தப் பாடத்தை இரண்டாம் நாளே எடுத்தேன். கத்தவிடவில்லை. மெதுவாகச் சொன்னேன்: காற்று எப்படிச் சாகிறது, கொப்பரை எப்படி மூச்சைத் தின்கிறது, விழுந்தவன் எப்படி விழுகிறான். முடித்துவிட்டு, பழக்க தோஷம், "புரிஞ்சுதா?" என்றேன். எல்லாப் புருவமும் மேலே. ஒன்றைத் தவிர.

"எனக்குப் புருவம் வேணாம்" என்றேன். "கேள்வி வேணும். ஒரு கேள்வி வர்ற வரைக்கும் யாரும் வெளிய போகப் போறதில்ல. நானும் போகல."

நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அவர்களுக்குச் சித்திரவதை. வேர்த்துக் கொட்டியது. ஒருவன் தரையைப் பார்க்கிறான், ஒருவன் நகத்தைக் கடிக்கிறான். சாப்பாட்டு மணி அடித்தது. ஒருவரும் அசையவில்லை, நானும் அசையவில்லை. கேப்டன் ஜன்னல் வழியே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கடைசியில் பின்வரிசையிலிருந்து குரல் வந்தது.

"நான் கேக்குறேன் சார்."

எல்லாத் தலையும் திரும்பியது.

"அன்னிக்கு நீங்க மேல நின்னீங்க. எப்படி நின்னீங்க?"

புதுப் பையன்கள் விறைத்துப்போய்விட்டார்கள். இப்படியும் ஒருவன் கேட்பானா? ஆனால் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். மூடியின் இரும்பு விளிம்பைப் பிடித்திருந்தேன், பெயின்ட் உரிந்து நகத்துக்குள் ஏறியிருந்தது, இன்னும் ஒரு நகம் சரியாகவில்லை. கைதாராவின் கண் திறந்திருந்தது. ஒரு தடவை இமைத்த மாதிரிகூட இருந்தது. அப்போதும் இறங்கவில்லை. அவன் அம்மாவிடம் கண் மூடியிருந்தது என்று பொய் சொன்னேன், அதையும் சொன்னேன்.

"என்னைப் புடிச்சு வெச்சது படிச்ச பாடமா, உயிர்மேல இருந்த பயமான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல பெரெதி. எறங்கியிருந்தா நீயும் செத்திருப்ப, நானும் செத்திருப்பேன். அது மட்டும் தெரியும்."

பெரெதி ரொம்ப நேரம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். புருவத்தைத் தூக்கவில்லை. தலையையும் குனியவில்லை.

நான் எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். முதல் வரிசையில் ஒரு சின்னப் பையன், பெயர் இன்னும் மனதில் நிற்கவில்லை, கையைப் பாதி தூக்கி மறுபடி கீழே போட்டான். மறுபடி தூக்கினான்.

"சார்… தப்பா நெனைக்காதீங்க சார். தம் கட்டிக்கிட்டு எறங்குனா ஆகாதா? நான் எங்க ஊர்ல ரொம்ப நேரம் முங்குவேன் சார்."

பதில் ஒரே வரிதான், நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் சொல்லவில்லை. வெளியே போகவும் இல்லை.

"பின்னால ஒரு மணல் மூட்டை கெடக்கு" என்றேன். "பழைய படகுத்துறை ஏணிகிட்ட கொண்டு வாங்க. நானும் வரேன்."

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பெரெதிதான் முதலில் எழுந்து போனான்.